வீட்டில் ஒருவருக்கு மறதி வந்தால்: அறிகுறியை வைத்துக் காரணத்தைத் தேடும் வழி

"உங்கப்பா இன்னும் கடையைச் சாத்தலையா?" என்று அம்மா கேட்டபோது இரவு எட்டு மணி இருக்கும். அப்பா இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. கேட்டுவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். முந்தின நாள் வரை பால் கணக்கு, வட்டிக் கணக்கு எல்லாம் விரல் நுனியில் வைத்திருந்தவர் அவர்.

பக்கத்து வீட்டு அக்கா, "வயசாயிருச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்றார். அம்மாவுக்கு அப்போது 69. மறுநாள் கூட்டிப்போன மருத்துவமனையிலும் அதையே சொல்லி, ராத்திரி தூங்க ஒரு மாத்திரை கொடுத்தார்கள். அதைப் போட்டபின் நிலைமை இன்னும் மோசமானது. தன் கையையே யாருடைய கையோ போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூன்றாம் நாள் வேறு ஓரிடத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் சோடியம் என்னும் உப்பு 116. இருக்க வேண்டியது 135 முதல் 145 வரை. மூன்று வாரத்துக்கு முன்பு மாற்றிக் கொடுத்த பிரஷர் மாத்திரையில் சிறுநீரை அதிகம் போக்கும் மருந்து ஒன்றும் சேர்ந்திருந்தது. உப்பை இறக்கியது அதுதான். மாத்திரையை நிறுத்திவிட்டு, சோடியத்தை மெல்ல மெல்ல ஏற்றினார்கள். அவசரப்பட்டு ஏற்றினால் மூளைக்கே கெடுதல் என்று சொன்னார்கள். ஐந்தாம் நாள் காலையில் அம்மா எழுந்து உட்கார்ந்து, "காபியில சக்கரையே இல்லையே பாப்பா" என்றார். நான் சமையல்கட்டில் போய் அழுதேன்.

நான்கு வருடம் கழித்து அதே அம்மாவுக்கு இன்னொரு மறதி வந்தது. சத்தமில்லாமல், மாதக்கணக்கில் வந்தது. இது போகவில்லை, போகாது என்றும் தெரியும். இரண்டுக்கும் நாம் வைத்திருக்கும் பெயர் ஒன்றுதான்: மறதி. முதல் முறை "வயசு" என்று நம்பி மூன்று நாளை வீணாக்கினோம். அந்த மூன்று நாள் இன்னொரு வீட்டில் வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. எந்த அறிகுறிக்கு எங்கே, எவ்வளவு சீக்கிரம் ஓட வேண்டும் என்பதைத்தான் என்னால் சொல்ல முடியும். மருந்து முடிவு டாக்டருடையது.

முதல் கேள்வி: எப்போதிலிருந்து?

எதை மறக்கிறார் என்பதைவிட, மறதி எவ்வளவு வேகத்தில் வந்தது என்பதுதான் காரணத்தை அதிகம் காட்டிக்கொடுக்கும். மணிக்கணக்கில் வந்ததா, நாள்கணக்கிலா, வாரக்கணக்கிலா, வருடக்கணக்கிலா? வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து யோசித்து இதற்கு ஒரு பதில் வைத்துக்கொள்ளுங்கள். "கொஞ்ச நாளாவே இப்படித்தான் டாக்டர்" என்று சொன்னால் அவருக்கு ஒன்றும் புரியாது. "போன தீபாவளிக்கு முறுக்கு சுத்தினாங்க, பொங்கலுக்கு மாவு அளவு தெரியலை" என்று சொன்னால் புரியும்.

அடுத்தது, கூடவே வேறு என்ன இருக்கிறது என்று பாருங்கள். காய்ச்சல், தள்ளாட்டம், தலைவலி, வாந்தி, சிறுநீர் கட்டுப்படாமல் போவது, புதிதாகச் சேர்ந்த மாத்திரை. மறதி தனியாக வருவதற்கும் துணையோடு வருவதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு.

மணிக்கணக்கில் வந்தது: பேச்சோ கையோ முகமோ சரியில்லை

மறதியைப் பற்றி யோசிக்கும் நேரமே இது இல்லை. வாய் ஒரு பக்கம் இழுக்கிறதா, இரண்டு கையையும் தூக்கச் சொன்னால் ஒன்று கீழே இறங்குகிறதா, பேச்சு குழறுகிறதா, சம்பந்தமில்லாத வார்த்தை வருகிறதா? ஒன்று இருந்தாலும் பக்கவாதம் என்றே எடுத்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி பெரும்பாலும் 4½ மணி நேரத்துக்குள் போட வேண்டியது. அந்தக் கணக்கு நீங்கள் கண்டுபிடித்த நேரத்திலிருந்து ஓடாது. அவரைக் கடைசியாக நன்றாகப் பார்த்த நேரத்திலிருந்து ஓடும். அதனால் அந்த நேரத்தை ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் வசதி உள்ள மருத்துவமனைக்கே நேராகப் போங்கள். வழியில் தண்ணீர், காபி எதுவும் வாயில் ஊற்ற வேண்டாம்.

சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் என்றால், வண்டி வருவதற்குள் விரலில் குத்தி சுகர் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் குழப்பம், வியர்வை, உளறல் எல்லாம் அதனாலேயே வரலாம். நினைவோடு இருந்து விழுங்கவும் முடிந்தால் சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். விழுங்க முடியாதவர் வாயில் எதையும் வைக்காதீர்கள். சுகர் மிஷின் இல்லாத சர்க்கரை நோயாளி வீடு இனி இருக்கக் கூடாது.

மணிக்கணக்கில் வந்தது: ஆள் நன்றாக இருக்கிறார், ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்

இது பார்க்கிறவர்களைக் கதிகலங்க வைக்கும். 60 வயதுக்காரர் ஒருவர் கிணற்றில் குளித்துவிட்டு ஏறி வருகிறார். "நாம எப்ப இங்க வந்தோம்?" என்கிறார். சொல்கிறீர்கள். இரண்டு நிமிடத்தில் அதே குரலில், அதே முகபாவத்தோடு, "நாம எப்ப இங்க வந்தோம்?" தன் பெயர் தெரியும், மனைவி மக்களைத் தெரியும், நடக்கிறார், பேசுகிறார், பைக்கை எடுக்கக்கூடத் தெரியும். ஆனால் நடப்பது எதுவும் மனதில் பதிவதில்லை.

இதற்கு டிரான்சியன்ட் குளோபல் அம்னீஷியா என்று பெயர். தற்காலிக முழு மறதி என்று வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் 50 வயதுக்கு மேல் வருவது. சில மணி நேரத்தில், எப்படியும் ஒரு நாளுக்குள், தானாகவே சரியாகிவிடும். சில்லென்ற தண்ணீரில் இறங்குவது, கடும் உடலுழைப்பு, பெரிய மன அதிர்ச்சி ஆகியவற்றுக்குப் பின் வருவதைக் கவனித்திருக்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு மறுபடி வருவதில்லை. அந்தச் சில மணி நேரம் மட்டும் அவர் வாழ்க்கையில் இல்லாமலே போய்விடும், பிறகும் திரும்பாது.

படித்தால் நிம்மதியாக இருக்கும். ஆனால் இது அதுதான் என்று வீட்டில் உட்கார்ந்து முடிவு கட்டாதீர்கள். பக்கவாதமும் ஒருவகை வலிப்பும் இதே வேஷத்தில் வரும். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய் அவை இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் நிம்மதி. போகும் வழியில் அவர் நாற்பது முறை கேட்டால் நாற்பது முறையும் அமைதியாகப் பதில் சொல்லுங்கள்.

நாள்கணக்கில் வந்தது: ஒரு நேரம் தெளிவு, ஒரு நேரம் உளறல்

அம்மாவுக்கு முதலில் வந்தது இதுதான். வயதானவர்கள் இருக்கும் வீடுகளில் நாம் அதிகம் தவறவிடுவதும் இதைத்தான். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பாட்டிமார் "ஜன்னி கண்டிருச்சு" என்பார்கள். டாக்டர்கள் டெலிரியம் என்கிறார்கள். இரண்டு மூன்று நாளில் வரும். காலையில் ஓரளவு தெளிவாக இருப்பார், பொழுது சாயச் சாய மோசமாகும். சுவரில் எறும்பு ஊர்கிறது என்பார், மூலையில் யாரோ நிற்கிறார்கள் என்பார். ராத்திரி முழுக்க விழித்திருந்து பகலில் தூங்குவார். சிலர் கத்துவார்கள், கையிலிருக்கும் ஊசியைப் பிடுங்குவார்கள். இவர்களை எல்லோரும் கவனிப்பார்கள். சிலர் நேர்மாறாக, சத்தமே இல்லாமல் சுருண்டு படுத்துவிடுவார்கள். "பாவம், அசதியா இருக்காங்க" என்று நாமும் போர்த்திவிட்டு வந்துவிடுவோம். எனக்குப் பயமெல்லாம் இந்த இரண்டாவது வகையைப் பார்த்துத்தான்.

வீட்டில் செய்து பார்க்க ஒரு சின்னப் பரிசோதனை உண்டு. கிழமைகளைத் தலைகீழாகச் சொல்லச் சொல்லுங்கள்: ஞாயிறு, சனி, வெள்ளி என்று. ஆரம்ப நிலை மறதிநோயில் (வருடக்கணக்கில் மெல்ல வரும் டிமென்ஷியா) இருப்பவர் பெரும்பாலும் சொல்லிவிடுவார், நேற்று என்ன சாப்பிட்டோம் என்பதுதான் அவருக்குத் தெரியாது. டெலிரியத்தில் இருப்பவருக்குக் கவனமே நிற்காது. ஞாயிறு, சனி வரை வந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றுவிடுவார். எங்கள் அம்மா "ஞாயிறு, திங்கள், சந்தைக்குப் போகணும்" என்றார்.

காரணம் அநேகமாக மூளைக்கு வெளியே இருக்கும். சிறுநீர்த் தொற்று, நுரையீரல் சளி, சோடியம் குறைவு, தண்ணீர் குடிக்காமல் உடல் வறண்டது, நாலைந்து நாள் மலச்சிக்கல், சிறுநீர் கட்டிக்கொண்டது, இடுப்பு எலும்பு ஆபரேஷனுக்குப் பிறகான நாட்கள். வயதானவர்களுக்குத் தொற்று வந்தால் காய்ச்சல் அடிக்காமலேயே போகலாம், குழப்பம் ஒன்றுதான் வெளியே தெரியும்.

அப்புறம் மாத்திரைகள். தூக்கத்துக்கும் படபடப்புக்கும் போடும் அல்பிரசோலம், சளிக்கு மருந்துக்கடையில் நாமே கேட்டு வாங்கும் குளோர்பெனிரமின், நரம்பு வலிக்குத் தரும் அமிட்ரிப்டிலின், அடிக்கடி சிறுநீர் போவதைக் குறைக்கும் சில மருந்துகள் எல்லாமே வயதானவர் மூளையை மங்கச் செய்யக்கூடியவை. வீட்டிலிருக்கும் மாத்திரை அட்டை, டானிக் பாட்டில், லேகியம், நாட்டு மருந்துப் பொட்டலம் எதையும் விடாமல் ஒரு மஞ்சப்பையில் போட்டு அப்படியே டாக்டர் மேசையில் கொட்டுங்கள். பெயரைச் சொல்வதைவிட இது நூறு மடங்கு உதவும். ஆனால் எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். பல வருடம் போட்ட தூக்க மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பே வரலாம்.

போன உடனே பார்க்கச் சொல்ல வேண்டியது: சோடியம், பொட்டாசியம், சுகர், கிரியேட்டினின், ரத்த அணுக்கள், சிறுநீர், ஆக்சிஜன் அளவு. பெரும்பாலும் அன்றைக்கே பதில் தெரிந்துவிடும். சிகிச்சை நடக்கும்போது தெரிந்த முகம் ஒன்று எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும். கண்ணாடி, காது மிஷின், பல்செட்டு எல்லாவற்றையும் மாட்டிவிடுங்கள். பகலில் வெளிச்சம், ராத்திரியில் சின்ன விளக்கு. அம்மாவுக்கு வீட்டிலிருந்து அவருடைய பழைய போர்வையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்றைக்குத்தான் கொஞ்சம் தூங்கினார்.

தலையில் அடிபட்ட பிறகு

பைக்கிலிருந்து விழுந்தவருக்கு விழுந்த நொடியும், அதற்குச் சற்று முன்னும் பின்னும் நடந்ததும் ஞாபகம் இல்லாமல் போவது சகஜம். மூளை அதிர்ந்ததால், அந்த நேரத்து அனுபவம் பதிவாவதற்கு முன்பே அறுந்துபோகிறது. "எப்படி விழுந்தே, சொல்லு" என்று அவரைத் துருவினால் வராது. எவ்வளவு நேரம் புதிதாக எதுவும் பதியாமல் இருந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அடியின் கனத்தை அது காட்டும். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினாலும் எழாத தூக்கம், காதிலோ மூக்கிலோ ரத்தம் அல்லது தெளிந்த நீர், ஒரு கண்ணின் பாவை மட்டும் பெரிதாக இருப்பது எல்லாம் உடனே ஓட வேண்டிய அறிகுறிகள். தமிழ்நாட்டுச் சாலை விபத்து என்றால், 2021-இல் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசே பணம் தருகிறது. திட்டத்தில் சேர்ந்திருக்கும் தனியார் மருத்துவமனைகளிலும் உண்டு. காசில்லையே என்று வீட்டுக்குத் தூக்கிப்போக வேண்டாம்.

இன்னொன்று ரொம்பத் தந்திரமானது. குளியலறையில் லேசாக வழுக்கி விழுந்தார், தலையில் சின்ன வீக்கம், தைலம் தேய்த்தோம், மறந்தும் போனோம். நாலு வாரம் ஆறு வாரம் கழித்து, தாத்தா தடுமாறுகிறார், ஒரு காலை இழுக்கிறார், பேச்சு மந்தமாகிறது. மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே மெல்லக் கசிந்த ரத்தம் தேங்கி மூளையை அழுத்துகிறது. ஆஸ்பிரின் போன்ற ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை எடுப்பவர்கள், குடிப்பவர்கள், 70 தாண்டியவர்கள் ஆகியோருக்கு அதிகம் வருவது. ஒரு சி.டி. ஸ்கேனில் தெரிந்துவிடும். சிறு துளை போட்டு ரத்தத்தை வடித்துவிட்டால் பலர் பழையபடி ஆகிவிடுகிறார்கள். ஆகவே வாரக்கணக்கில் வந்த மறதி என்றால், "கடந்த ரெண்டு மாசத்துல எங்கயாவது விழுந்தீங்களா?" என்று கேட்டே ஆக வேண்டும். அவருக்கே ஞாபகம் இருக்காது. வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடமும் பேரப்பிள்ளையிடமும் விசாரியுங்கள்.

குடிப்பழக்கம் உள்ளவருக்கு

இரவு நிறையக் குடித்துவிட்டு, மறுநாள் "நான் அப்படியா பேசினேன்?" என்று கேட்பது வேறு. அன்று மூளை பதிவு செய்யவே இல்லை. அவர் நடிக்கவில்லை.

பெரிய ஆபத்து இன்னொன்று. வருடக்கணக்கில் குடித்து, சோறு சரியாகச் சாப்பிடாமல் இருந்தவர் திடீரென்று குழம்புகிறார், நடை தள்ளாடுகிறது, கண்மணி துடிக்கிறது அல்லது இரட்டையாகத் தெரிகிறது என்கிறார். போதை என்று நினைத்துத் திண்ணையில் படுக்கவைத்துவிடுகிறோம். வைட்டமின் பி1, அதாவது தயமின், தீர்ந்துபோய் மூளை சேதமாகிக்கொண்டிருக்கும் நிலை அது. வெர்னிக்கே நோய் என்பார்கள். ஊசி வழியாகத் தயமின் உடனே போக வேண்டும். வெறும் குளுக்கோஸ் பாட்டிலை மட்டும் ஏற்றினால் நிலைமை மோசமாகலாம் என்பதால், "குடிக்கிறவர், சாப்பாடே இல்லை" என்று சேர்க்கும்போதே சொல்லிவிடுங்கள். மானம் பார்க்கும் இடம் அது இல்லை. குடிக்காதவர்களுக்கும் இது வரலாம். கர்ப்ப காலத்தில் வாரக்கணக்கில் வாந்தி எடுத்த பெண்ணுக்கும், வயிற்று ஆபரேஷனுக்குப் பின் சாப்பிடவே முடியாதவருக்கும் வந்திருக்கிறது. நம் ஊர்ப் புழுங்கல் அரிசிக்கு இங்கே ஒரு பெருமை உண்டு. நெல்லை அவிக்கும்போது மேல்தோலில் இருக்கும் பி1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பட்டை தீட்டிய பச்சரிசியில் அது போய்விடும்.

சிகிச்சை தவறினால் மிஞ்சுவது கோர்சகாஃப் மறதி. ரஷ்ய மருத்துவர் செர்கேய் கோர்சகாஃப் 1880-களில் விவரித்தது. பழையது இருக்கும், புதியது நிற்காது, நடுவில் இருக்கும் ஓட்டையை மனம் தானாக எதையோ போட்டு அடைக்கும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்துகொண்டே, "நேத்து பழனிக்குப் போயிட்டு வந்தேன், கூட்டமான கூட்டம்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவரைப் பொறுத்தவரை போய் வந்தார். "ஏன் இப்படிப் புளுகுறீங்க?" என்று அவர் மனைவியோ மகனோ சண்டை போட்டால் இரண்டு பக்கமும் புண்படும், வேறொன்றும் நடக்காது.

காய்ச்சலோடு குணம் மாறினால்

இரண்டு மூன்று நாள் காய்ச்சல், தலைவலி, கூடவே வித்தியாசமான பேச்சு அல்லது வலிப்பு. உதட்டில் கொப்புளம் உண்டாக்கும் அதே ஹெர்பிஸ் வைரஸ் சில சமயம் மூளையின் நினைவுப் பகுதியைப் போய்த் தாக்கும். 1985-இல் இங்கிலாந்தின் இசை நடத்துநர் கிளைவ் வேரிங்குக்கு அப்படித்தான் ஆனது. அதன்பின் அவருக்கு எதுவும் சில நொடிகளுக்கு மேல் நினைவில் நின்றதில்லை. மனைவி அறைக்குள் வரும் ஒவ்வொரு தடவையும் பல காலம் கழித்துப் பார்ப்பதைப் போல ஓடிவந்து கட்டிக்கொள்வார். ஆனால் பியானோ முன் உட்கார்ந்தால் விரல்கள் வாசிக்கும். இந்த நோய்க்கு அசைக்ளோவிர் என்ற மருந்து இருக்கிறது. எத்தனை மணி நேரம் முந்துகிறோமோ அத்தனை மூளை மிஞ்சும். காய்ச்சலோடு குழப்பம் என்றால் காலை வரை காத்திருக்காதீர்கள்.

வருடக்கணக்கில் மெல்ல வந்தது

அம்மாவின் இரண்டாவது மறதி.

எது சாதாரண மறதி, எது நோய் என்று எல்லோரும் கேட்கிறார்கள். நான் பார்த்த வரை இப்படிச் சொல்லலாம். தெரிந்தவர் பெயர் நாக்கு நுனியில் நிற்பதும், அரை மணி கழித்து அதுவே வருவதும் வயசு. அவர் வந்து போனதே ஞாபகம் இல்லை என்றால் பார்க்க வேண்டிய விஷயம். சாவியை எங்கோ வைத்துத் தேடுவது வயசு. சாவி அரிசி டப்பாவில் கிடைத்து, "மருமகதான் ஒளிச்சு வச்சா" என்று சண்டை வந்தால் பார்க்க வேண்டும். "எனக்கு ரொம்ப மறக்குது" என்று அவரே புலம்பினால் பெரும்பாலும் கவலை குறைவு. அவர் "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லி, வீட்டார் கவலைப்பட்டால் கவலை அதிகம். எங்களுக்குத் தெரிந்தது புளிக்குழம்பில். முப்பது வருடம் கண்ணளவில் வைத்தவர் உப்பை இரண்டு முறை போட்டார், மறுநாள் போடவே இல்லை. அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் மேடையில் மூன்று டம்ளர் காபி ஆறிக்கிடந்தது. மூன்றும் எனக்காகப் போட்டது.

இங்கேயும் முதல் வேலை, சரிசெய்யக்கூடிய காரணங்களைத் தேடுவதுதான். பி12 குறைவு: சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருடம் எடுத்தவர்கள், அசிடிட்டி மாத்திரையை வழக்கமாகப் போடுபவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். தைராய்டு. குறட்டையும் மூச்சுத் திணறலுமாகக் கெட்டுப்போன தூக்கம். பிறகு மன அழுத்தம். கணவனை இழந்த ஆறு மாதத்தில் "எனக்கு எதுவும் தெரியலை, எதுவும் ஞாபகம் இல்லை" என்று ஒடுங்கிப்போகும் பெண்களை நம் வீடுகளில் பார்க்கிறோமே, அதில் பலருக்கு வந்திருப்பது துக்கம் முற்றிய மன அழுத்தம். அதற்கு மருந்து கொடுத்தால் ஞாபகமும் திரும்புகிறது. காது கேட்காததையும் விட்டுவிடாதீர்கள். காதில் விழாததை எப்படி ஞாபகம் வைக்க முடியும்? சரிசெய்தால் மறதிநோயைத் தள்ளிப்போட உதவும் 14 காரணிகளை 2024-இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் பட்டியலிட்டது, அதில் காதுகேளாமையும் ஒன்று.

நடை தரையில் ஒட்டிக்கொண்டது போலாகி, சிறுநீரும் கட்டுப்படாமல் போய், மறதியும் சேர்ந்தால் மூளைக்குள் நீர் தேங்கியிருக்கலாம். குழாய் வைத்து வடித்தால் சிலருக்கு நன்றாகத் தேறுகிறது. கை நடுக்கமும், வீட்டில் சின்னக் குழந்தைகள் விளையாடுவதாகச் சொல்வதும் சேர்ந்து வந்தால் லூயி பாடி என்ற வகை மறதிநோயாக இருக்கலாம். இவர்களுக்கு, கத்துபவரை அடக்கப் போடும் ஹாலோபெரிடால் போன்ற ஊசி ஆகாது என்பதை எந்த மருத்துவமனைக்குப் போனாலும் முதலில் சொல்லுங்கள். ஞாபகம் நன்றாக இருந்தும் 55 வயதில் குணமே மாறி, வெட்கம் கூச்சம் போனால் அதுவும் மூளை டாக்டர் பார்க்க வேண்டியதுதான்.

இதெல்லாம் இல்லை என்றான பிறகுதான் அல்சைமர் என்ற பேச்சு. 1901-இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் மருத்துவமனையில் அகுஸ்டே டேட்டர் என்ற பெண்ணை அலாய்ஸ் அல்சைமர் பார்த்தார். கணவர் பெயர் என்ன என்று கேட்டால் அவள் தன் பெயரையே சொன்னாள். அவளுக்கு வயது 51. வயசானால் வருவது என்று நாம் சுலபமாகச் சொல்லும் நோய்க்கு முதல் சாட்சி, பேத்தி எடுக்கும் வயதில் இருந்த ஒரு பெண். இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகை மறதிநோயோடு இருக்கிறார்கள் என்று 2023-இல் வந்த ஆய்வு கணக்கிட்டது. டோனெபெசில், மெமன்டின் மாத்திரைகள் சிலருக்குக் கொஞ்ச காலம் கைகொடுக்கும், நோயை நிறுத்தாது. பெரிய நம்பிக்கையோடு ஊர் ஊராக அலைந்து காசைக் கரைக்காமல், அந்தக் காசைக் கவனித்துக்கொள்ள ஆள் வைக்கச் செலவழியுங்கள் என்பேன்.

இந்த நோயில் எல்லா ஞாபகமும் ஒன்றாகப் போவதில்லை. என்னைத் தாங்கி நிறுத்தியது அதுதான். புதியது முதலில் போகும், பழையது நிற்கும். கை பழகிய வேலை இன்னும் நீண்ட நாள் நிற்கும். அமெரிக்காவில் ஹென்றி மொலேசன் என்ற 27 வயது இளைஞருக்கு 1953-இல் வலிப்புக்காக மூளையின் இரு பக்கமும் ஹிப்போகாம்பஸ் பகுதியை வெட்டி எடுத்தார்கள். அதன்பின் 2008-இல் இறக்கும்வரை அவருக்குப் புதிய நிகழ்ச்சி எதுவும் மனதில் நிற்கவில்லை. ஆனால் பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையச் சொன்னபோது, நாளுக்கு நாள் கை தேறியது. ஒவ்வொரு நாளும் இதுதான் முதல் தடவை என்று நினைத்துக்கொண்டே அவர் நன்றாக வரைந்தார். நிகழ்ச்சியைப் பதிக்கும் இடம் வேறு, கைத்திறனைப் பதிக்கும் இடம் வேறு என்று உலகத்துக்குத் தெரிந்தது அப்படித்தான்.

இதைப் படித்த மறுநாள் அம்மா கையில் கோலப்பொடிக் கிண்ணத்தைக் கொடுத்தேன். குளித்தோமா இல்லையா என்று தெரியாதவர், குனிந்து 15 புள்ளி வைத்து, ஊடுபுள்ளி 8 வரை இறக்கி, சிக்குக் கோலத்தை ஓர் இழை தப்பாமல் முடித்தார். நிமிர்ந்து, "யாரு போட்டது, நல்லாருக்கே" என்றார். இப்போது தினமும் போடுகிறார். தையல், பூத்தொடுப்பது, பாட்டு, ஜெபமாலை, தாயக்கட்டை என்று உங்கள் வீட்டுப் பெரியவரின் கைக்குத் தெரிந்தது எதுவோ அதைத் தேடிக் கொடுங்கள்.

மற்றபடி வீட்டு ஏற்பாடு: சிலிண்டரை மூடிவைக்க ஒருவர், பணமும் ஏ.டி.எம். அட்டையும் ஒருவர் பொறுப்பில், சொத்துப் பத்திர வேலைகள் அவருக்குப் புரியும் காலத்திலேயே. சட்டைப்பையிலோ இடுப்புச் சுருக்குப்பையிலோ உங்கள் போன் எண் எழுதிய அட்டை எப்போதும் இருக்கட்டும்.

"ஞாபகம் இருக்கா? நான் யாரு சொல்லு?" என்று பரீட்சை வைக்கும் சொந்தக்காரர்களைக் கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்துங்கள். பதில் வராதபோது அவர் முகத்தில் ஓடும் பயத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். "நான் உங்க தங்கச்சி மக, பார்க்க வந்தேன்" என்று தாங்களே சொல்லிக்கொண்டு உட்காரட்டும்.

இளவயதில் மறதி என்றால்

படித்தது நிற்கவில்லை, அறைக்குள் போனால் எதற்கு வந்தோம் என்று தெரியவில்லை என்பவர்களுக்குப் பெரும்பாலும் பதிவதிலேயே கோளாறு: தூக்கக் குறைவு, கவலை, மன அழுத்தம், கையில் போனோடு நாலு வேலை. ரத்தசோகையும் தைராய்டும் ஒருமுறை பாருங்கள். மனம் பாரமாக இருந்தால் 14416 டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். கண நேரம் கண் நிலைகுத்தி, வாய் மெல்லும் அசைவோடு நினைவு அறுந்து அறுந்து போனால் அது வலிப்பாக இருக்கலாம், நரம்பியல் டாக்டரிடம் போங்கள்.

தன் பெயரே தெரியாமல் போவது

சினிமாவில் வருவது போலத் தான் யார் என்பதே மறந்து, ஆனால் புதியவற்றை நன்றாக ஞாபகம் வைப்பது அபூர்வம். பெரும்பாலும் தாங்க முடியாத மன அதிர்ச்சிக்குப் பின் வருவது. முதலில் மூளையில் கோளாறு இல்லை என்று பார்த்துவிட்டு மனநல மருத்துவரிடம் போக வேண்டும். நாள்களிலோ வாரங்களிலோ திரும்புகிறது. நடிப்பு என்று அடிப்பதும் பேயோட்டுவதும் அந்த அதிர்ச்சியின் மேல் இன்னொரு அதிர்ச்சி. இரண்டாவது முறை தலையில் அடிபட்டால் ஞாபகம் திரும்பும் என்பதும் திரைக்கதையில் மட்டும்தான்.

டாக்டரைப் பார்க்கக் கிளம்பும் முன்

மஞ்சப்பையில் மாத்திரைகள். எப்போது தொடங்கியது என்று எழுதிய தாள். போனில் எடுத்த ஒரு நிமிட வீடியோ, ஏனென்றால் டாக்டர் முன்னால் பத்து நிமிடம் எல்லோரும் தெளிவாகப் பேசிவிடுவார்கள். அவரோடு ஒரே வீட்டில் இருப்பவர் கட்டாயம் கூடப் போகட்டும். பண உதவி செய்யும் வெளியூர் மகனைவிடக் கூடவே இருக்கும் மருமகளுக்குத்தான் விஷயம் தெரியும். "வயசாயிருச்சு" என்று அங்கேயும் சொன்னால், "போன மாசம் இப்படி இல்லையே டாக்டர், சோடியமும் பி12-உம் மட்டும் பார்த்துச் சொல்லுங்க" என்று கேளுங்கள். அன்று எனக்கு அப்படிக் கேட்கத் தெரியவில்லை.